உள்வரிசைக் கயிறுகள்

கொக்கியை மட்டியின் ஓட்டில் மாட்டி, வில் தராசை மெல்ல மேலே இழுக்கிறார் டொரிண்டா. முள் நகர்கிறது, மட்டியை ஒட்டிப் பிடித்திருக்கும் நார்கள் ஒவ்வொன்றாக அறுகின்றன, கடைசி நாரும் விட்டதும் மட்டி அந்தரத்தில் ஊசலாடுகிறது. எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி முடிப்பதற்குள் அவருடைய இடக்கை அடுத்த மட்டியைத் தேடிப் போய்விடுகிறது. அவருக்கென்று நாற்காலி ஒன்று உண்டு. அதில் அவருடைய மழைக்கோட்டு மட்டுமே உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன்.

அரௌசா கழிமுகத்தின் கரையிலுள்ள எங்கள் கடல் ஆய்வகத்தில் அவர் பத்தொன்பது ஆண்டுகளாக உதவியாளர். நான் அறிக்கைகளின் மொழியைத் திருத்துகிறவன். கறுப்பு மட்டியின் பசைதான் இங்கே எல்லாருக்கும் பிழைப்பு. நாக்கைப் போன்ற ஒற்றைக் காலை நீட்டி, நீருக்குள்ளேயே பாறையைத் துழாவி, புரதத்தைச் சொட்டி, அதை நாராக்கி, நுனியைச் சிறு வில்லையாக அழுத்திவிட்டு மட்டி காலை இழுத்துக்கொள்கிறது. அந்தப் புரதத்தைப் பின்பற்றி, ஈரமான காயத்தைத் தையலின்றி மூடும் பசையொன்றைச் செய்ய எங்கள் தலைவர் டாக்டர் ஷியானா முயன்று வருகிறார். பன்றித் தோலில் ஒட்டிப் பார்க்கிறார்கள். ஒட்டியதை இழுத்துப் பிரித்து அளப்பது டொரிண்டாவின் வேலை.

“ஒட்டறதுக்கு அவங்க பட்டம் வாங்கியிருக்காங்க. பிய்க்கறதுக்கு நான் பட்டம் வாங்கவேண்டியதில்ல” என்பார்.

மத்தி மீன் அடைத்த எம்பனாடா ரொட்டியை நடந்துகொண்டே தின்பார். பாதி குடித்த காப்பிக் கோப்பைகளை மூன்று இடங்களில் கண்டால், அவர் அந்த மூன்று இடங்களையும் அன்று கடந்திருக்கிறார் என்று பொருள். கூட்டங்களில் கதவருகே நிற்பார்; தலைவர் பேச்சை முடிக்குமுன் கதவு தானாக ஆடிக்கொண்டிருக்கும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் தொட்டி மட்டிகள் போதிய நார் விடாமல் ஆராய்ச்சி தடைப்பட்டது. உணவை மாற்றினார்கள், வெப்பத்தை மாற்றினார்கள், பயனில்லை. டொரிண்டா தம் வீட்டில் பழுதாகிக் கிடந்த துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டுவந்து, துடுப்பொன்றைப் பூட்டித் தொட்டியைக் கலக்கினார். “சும்மா வச்சா அது எதுக்குப் பிடிச்சுக்கணும்?” என்றார். ஒரே வாரத்தில் நார்கள் இரட்டித்தன. அறிக்கையில் அது நீரோட்டத் தூண்டல் என்று இடம்பெற்றது. மோட்டாரைப் பற்றிய வரியை நீக்கச் சொன்னார்கள், நீக்கியவன் நான்.

இந்த அக்டோபர்க் கடைசியில், தென்மேற்கிலிருந்து புயல் வியாழனன்று வரும் என்று அறிவித்தார்கள். டொரிண்டாவுக்கும் அவருடைய தம்பி அமான்சியோவுக்கும் பொதுவாக ஒரு மட்டித் தெப்பம் இருக்கிறது: மட்டிகள் ஒட்டி வளரும் ஐந்நூறு கயிறுகள் யூக்கலிப்டஸ் சட்டங்களிலிருந்து நீருக்குள் தொங்குகின்றன. சென்ற குளிர்காலத்துப் புயலில் மட்டிகளில் பாதி உதிர்ந்து கடலடிக்குப் போயின. இம்முறையும் போனால் தெப்பத்தை விற்றுவிட்டு அமான்சியோ வேறொருவர் படகில் கூலிக்குப் போகவேண்டும். மட்டிகள் இன்னும் அளவுக்கு வளரவில்லை. ஆயினும் பதப்படுத்தும் ஆலை எடுத்துக்கொள்ளும். இடையில் இருந்தது ஒரே நாள். படகின் பாரந்தூக்கியைக் கொண்டு நூற்றைம்பது கயிறுகளை ஏற்றினால் அதிகம்.

எந்த நூற்றைம்பது என்பதில்தான் சண்டை. செவ்வாய்க்கிழமை ஆய்வகத்துக்கே வந்து நின்றார் அமான்சியோ. கரையில் எல்லாரும் செய்வதுபோல விளிம்புக் கயிறுகளை முதலில் தூக்குவது அவர் திட்டம்.

“அலை முதல்ல எங்க அடிக்கும்? வெளில. அப்ப வெளிக் கயித்தத்தானே தூக்கணும்? இதுக்கு எதுக்குக்கா தராசு?”

டொரிண்டாவின் மேசையில் இரண்டு வாளிகள் இருந்தன. தெப்பத்தின் விளிம்பிலும் நடுவிலும் தொங்கிய கயிறுகளின் அடிநுனிகளை வெட்டி எடுத்து வந்திருந்தார். நடுக்கயிற்று மட்டிகளில் பெரும்பாலானவை அரைக் கிலோ இழுப்புக்கு முன்பே விட்டன. விளிம்பு மட்டிகளில் பல ஒன்றரைக் கிலோவரை தாங்கின.

“வெளில இருக்கறது பொறந்ததுலேர்ந்து அடி வாங்குது. அதான் அள்ளிப் பிடிச்சிருக்கு. நடுவுல இருக்கறதுங்க மெத்தையில படுத்திருக்கு. ஒரு உலுக்குத் தாங்காது.”

“துணி தொவைக்கற மோட்டார வச்சுக் கடலப் படிச்சது நீ ஒருத்திதாங்க்கா.”

“போன தடவ வெளிக் கயித்தத்தானே தூக்கின? மிச்சம் என்னடா இருந்துச்சு?”

சென்ற புயலுக்குப் பின் எல்லாரும் காற்றைத்தான் வைதார்கள். எந்த வரிசை உதிர்ந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டு வாளி மட்டிகளைக் கொண்டு ஒரு தெப்பத்தைப் பற்றி எதுவும் கூற இயலாது என்று டாக்டர் ஷியானா அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார். அது டொரிண்டாவுக்கும் தெரியும். விளிம்பு வாளியிலேயே இரண்டு மட்டிகள் தொட்டவுடன் கழன்றிருந்தன. அந்த இரண்டு எண்களையும் அவர் அடித்துவிடவில்லை. பிற்பகல் முழுவதும் அவற்றைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தார்.

புதன்கிழமை விடிந்ததும் படகு கிளம்பியது. கயிறுகளைக் கணக்கிட ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். தெப்பத்தை அடைந்ததும் அமான்சியோ தூக்கியின் கையை விளிம்பின் மேல் நீட்டினார். சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு நடுவுக்குத் திருப்பினார். முதல் கயிறு நீரை விட்டு வெளியே வந்தபோது, கொத்துக் கொத்தாக மட்டிகள் வழுக்கிக் கடலுக்குள்ளேயே விழுந்தன. டொரிண்டா “பார்த்தியா” என்று கேட்கவில்லை. சட்டங்களின் மேல் ஓடிப்போய், அடுத்த கயிறு மேலே வருமுன் அதன் அடியில் வலைக்கூடையைப் பிடித்தார். அதன்பின் எல்லாக் கயிறுகளும் நடுவிலிருந்தே எழும்பின.

நான்கு மணிக்குக் காற்று தென்மேற்குக்குத் திரும்பியது. நூற்று நாற்பத்தாறு கயிறுகள் ஏறியிருந்தன; படகு கிட்டத்தட்ட ஓரப்பலகைவரை தாழ்ந்திருந்தது. விளிம்பு வரிசையில் ஒரு கயிறுகூடத் தூக்கப்படவில்லை. ஒவ்வோர் அலைக்கும் அவ்வரிசை முழுவதும் ஒரு முழம் எழுந்து விழுந்தது.

“வெளில ஒரு பத்தாவது ஏத்திக்கலாமாக்கா? படகு தாங்கும்” என்றார் அமான்சியோ. பிறகு இன்னும் தணிந்த குரலில், “தாங்குமா? வெளில இருக்கறது தாங்குமான்னு கேக்கறேன்” என்றார்.

டொரிண்டா விளிம்பு வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். பிறகு முழந்தாளிட்டு, படகைத் தெப்பத்தோடு பிணைத்திருந்த கயிற்றின் ஈர முடிச்சைப் பிடித்தார். அது இரண்டு முறை விரல்களுக்குத் தப்பியது. மூன்றாம் முறை பல்லால் கடித்து அவிழ்த்தார்.