என்சைமுக்கு மதியச் சாப்பாடு

அந்த ஓட்டலின் லாண்டரி மாஸ்டர், பொறியில் சிக்கிய எலிக்குக்கூடத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் வெளியே விடுவார். அவரிடம் போய் வாயை விட்டான் சோப்புத்தூள் ஏஜெண்ட்.

"இதுல என்சைம் இருக்குண்ணே. முட்டைக் கறை, ரத்தக் கறை எல்லாத்தையும் தின்னுடும். கொதிக்கிற தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, செத்துடும்."

அன்றிலிருந்து மாஸ்டர், குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்போல, தண்ணீரில் கையை விட்டுச் சூடு பார்த்துத்தான் தூளைப் போட்டார். ஆனால் ஒரு வாரம் ஓட்டலுக்கு வந்தவர்கள் எல்லாம் மகா சுத்தக்காரர்களாக வந்து தொலைத்தார்கள். வெள்ளை வெளேரென்ற விரிப்புகளில் அதுகள் எதைத் தின்னும்? மாஸ்டருக்கே சோறு இறங்கவில்லை. சமையலறையில் கெஞ்சி முட்டை வாங்கிவந்து, சுத்தமான விரிப்புகளில் மஞ்சள் கருவைத் தடவிக்கொண்டிருந்தபோது மேனேஜர் உள்ளே வந்தார்.

"யோவ், என்னய்யா பண்றே?"

"பாவம் சார், ஒரு வாரமாப் பட்டினி."

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "அதுக்கு உயிரே கிடையாதுய்யா! அது ஒரு புரதம். மடங்கி மடங்கி ஒரு வடிவத்துல இருக்கு. அதுல கறை வந்து பொருந்தினா வெட்டிடும், அடுத்ததுக்குப் போயிடும். சூடு பட்டா அந்த வடிவம் குலைஞ்சுடும், அவ்வளவுதான். அதுக்கு வயிறும் இல்ல, பசியும் இல்ல."

மாஸ்டர் ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், சோறு தண்ணி இல்லாம வேலை செய்யறது ஒண்ணு இருக்குன்னு முதலாளிக்கு மட்டும் தெரிய வேணாம் சார்."

மேனேஜர் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மீதி முட்டையை எடுத்து உடைத்தார்.