லைட்டை நிறுத்தச் சொன்னவர்கள்

என் தங்கையின் முகத்திலிருந்த வெண்திட்டுகள் பூச்சு மருந்துக்கும், ஆஸ்பத்திரியில் பிடித்த புறஊதாக்கதிர் லைட்டுக்கும் மெல்ல மங்கின. மணிக்கட்டிலும் புறங்கையிலும் இருந்தவை அசையவில்லை. கையில் வரும் வெண்தோல் பிடிவாதமானது என்றார் மட்டக்களப்பில் அவளைப் பார்த்த தோல் வைத்தியர். லேசரால் அந்த இடத்தில் மிக நுண்ணிய துளைகளிட்டு, புண் ஆறியதும் மறுபடி லைட் பிடித்தால் சிலருக்கு நிறம் திரும்பும், எல்லோருக்கும் அல்ல. இடையில் விடக்கூடாது. திட்டைச் சுற்றியுள்ள நல்ல தோல் லைட்டில் கறுக்கும், சிகிச்சை முடிந்ததும் தெளியும் என்பதையும் உம்மாவிடம் விளக்கினார். உம்மா தலையாட்டினார்.

கல்முனையிலிருந்து பஸ்ஸில் அவளைக் கூட்டிப்போவது அண்ணனான என் வேலை. லேசர் பிடித்த நாட்களில் எரியும் கையை மடியில் வைத்துக்கொண்டு, திரும்புவாள். சில மாதங்களில் மணிக்கட்டின் வெள்ளைக்குள் மிளகுத்தூள் தூவியதுபோலப் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. அவள் நம்பவில்லை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டு வந்து காட்டினாள்.

"நானா, இது ஊத்தை இல்லையே?"

"இல்ல. உன்ட நிறம்தான்."

அந்த வாரம்தான் உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். தங்கையைப் பார்த்ததும் உம்மாவிடம் திரும்பினார்.

"மாப்பிள்ளட உம்மா நிறம் பாக்கிறவ. இவள் என்ன, ஒலுவில் கடற்கரையில கருவாடு காயவைக்கிறவள் மாதிரிக் கிடக்காள்?"

உம்மா அன்றே லைட்டை நிறுத்தினார். தயிரும் கடலைமாவும் குழைத்து முகத்தில் பூசினார். கைக்கு உறை வாங்கினார். வைத்தியர் சொன்னதை நான் நினைவூட்டினேன்.

"கலியாணம் முடியட்டும் மனே. பிறகு புருஷன் பாத்துக்குவான். உறை போட்டா ஆருக்குத் தெரியும்?"

வெள்ளையையும் மறைக்க வேண்டும், அதை ஆற்றும்போது வரும் கறுப்பையும் மறைக்க வேண்டும். கைக்குரியவளை ஒருவரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தவர்கள் முதலில் வீட்டைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீட்டைப் பெண்ணுக்கு எழுதிக் கொடுப்பார்கள். குளியலறைச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பெண்ணைப் பார்க்க உள்ளே போனார்கள். திரைக்கு இந்தப் பக்கம் விறாந்தையில் நானும் வாப்பாவும் இருந்தோம். மாப்பிள்ளையின் உம்மாவுடைய குரல் கேட்டது.

"வீட்டுக்குள்ள என்னத்துக்குக் கையுறை, மகள்?"

சாச்சி பேச்சை மாற்ற இருமினார். தங்கை மறைக்கவில்லை.

"வெண்தோல் மாமி. லேசரும் லைட்டும் பிடிச்சது. அதாலதான் கறுத்திரிக்கன். இது தொத்தாது."

தேநீர் பாதியில் நின்றது. இரண்டு நாள் கழித்து சாச்சி பதிலுடன் வந்தார். அது மறுப்பு அல்ல.

"மாவடிப்பள்ளி வயலையும் சேத்து எழுதினா யோசிப்பாங்களாம். நல்ல மனிசர்தான். வேணாமெண்டு சொல்லல்லியே."

உள்ளங்கை அளவு திட்டுக்கு ஒரு வயல். அதை ஏச்சென்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல செய்தியாகவே எங்கள் வீட்டுக்குள் வந்தது. வாப்பா, அந்த வயலில் வெயிலில் வெந்தவர், சம்மதிக்கும் முகத்துடன் இருந்தார். எனக்கு இன்றும் ஆறாதது அந்த முகம்தான்.

"வயல் உங்களுக்கே இரிக்கட்டும் வாப்பா," என்றாள் தங்கை. "என்னை மட்டக்களப்புக்கு விடுங்க."

"திரும்பவும் கறுத்துப்போவாய்," என்றார் உம்மா.

"கறுக்கட்டும்."

வாப்பா சாச்சியிடம், "வயல் இல்லையெண்டு சொல்லிருங்க," என்றார். அவ்வளவுதான். மகளிடம் ஒரு வார்த்தை இல்லை.

மட்டக்களப்பில் வைத்தியர் அவள் மணிக்கட்டை விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்தார். புள்ளிகள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தன, ஒன்றும் பரவவில்லை. மீண்டும் லேசரிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்.

"வீட்டில் கலியாணப் பேச்சு," என்றேன்.

அவர் அடுத்த லேசருக்கான தேதியைச் சீட்டில் எழுதினார். இந்தப் பதில் அவருக்குப் புதிதல்ல என்பது முகத்தில் தெரிந்தது.