இல்லாத விரலுக்குத் திரும்பிய யானை

பழைய வாடிக்கைக்காரர் மறுபடி வாசலில் வந்து நின்றால் கதவைச் சாத்தத் தோன்றுவது மரக்கால் செய்கிறவனுக்கு மட்டும்தான். மைசூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த பட்டறையில் பதினாறு வருஷம் எனக்கு இதுதான் பிழைப்பு. வண்டியில் அடிபட்டுக் கால் போனவர்கள் ஒரு தரம் வருவார்கள். ரத்த ஓட்டம் அடைபட்டு, விரல் கறுத்துக் கால் போனவர்களோ அடுத்த காலுக்கும் வந்துவிடுவார்கள். உட்கார்ந்து எழுந்ததும் மரத்துப்போன பாதத்தைத் தட்டிக்கொண்டு 'ஒன்றுமில்லை' என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்கிறீர்களே, நானும் அந்தக் கூட்டம்தான். ஆகையால் சேர்ந்தே பயப்படுவோம்.

அளவு

மாதையன் ஹனூர்ப் பக்கத்துக்காரர். சர்க்கார் மரக்கிடங்கில் பத்மா என்ற யானைக்குப் பாகன். ஓயாத பீடி. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மூன்று மாதத்துக்குள் யானைமேல் ஏறி ஓட்டிக் காட்டினால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று கிடங்கு அதிகாரி சொல்லியிருந்தார். வீட்டில் ஐந்து வயிறு அந்த வேலையை நம்பியிருந்தது.

மரக்காலுக்கு அளவெடுப்பது மிச்சமிருக்கிற காலில்தான். அதைப் பார்த்துத்தான் இதைச் செதுக்க வேண்டும். நல்ல உச்சிவெயில். மாதையனின் இடது பாதத்தைக் கையில் ஏந்தினேன்; கிணற்றடிக் கல் மாதிரி சில்லென்றிருந்தது. அந்தக் குளிர் எனக்குப் பழக்கம்; என்ன அர்த்தம் என்றும் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. பீடியை விட்டுவிடுங்கள் என்று மட்டும் கெஞ்சினேன். மனுஷர் சிரித்தார்.

"யானை மேல தொங்கித் தொங்கிக் காத்து வாங்குன காலுங்க ஆசாரி, அது அப்படித்தான் இருக்கும்."

பெருவிரல்

மரக்காலில் நான் விரல் செதுக்குவதில்லை. பாதம் ஒரே கட்டை; மேலே ஜோட்டை மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? மாதையன் ஒப்பவில்லை. பாகன் யானையிடம் பேசுவது வாயால் மட்டுமில்லையாம். வலது காதுக்குப் பின்னால் பெருவிரலால் அழுத்தினால் யானை இடப்பக்கம் திரும்பும். இடது காதென்றால் வலப்பக்கம். விரல் இல்லாத கால் தனக்கு எதற்கு என்றார். சரியென்று, மைசூர்ப் பக்கத்துச் சென்னபட்டணத்தில் பொம்மை கடைகிற அதே லேசான மரத்தில், நகம் உட்பட ஒரு பெருவிரல் செதுக்கினேன். எனக்கே பெருமை தாங்கவில்லை.

சோதனைக்கு நானும் கிடங்குக்குப் போனேன். மாதையன் ஏறி, மரவிரலைக் காதுக்குப் பின்னால் வைத்து அழுத்தியதுதான் தாமதம், பத்மா பிளிறித் தலையை உதறியது. இரண்டாம் தரமும் அதே கதை. அழகைப் பார்த்த முட்டாள் நான், தோலுக்குத் தோல்தான் தெரியும் என்று யோசிக்கவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மாதையன் கீழே இறங்கி, மரக்காலை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினார். வெட்டுப்பட்ட கால் காதுக்கு ஒரு சாண் மேலேயே முடிந்துவிட்டது. கீழே வெறும் காற்று. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். பத்மா நிதானமாக இடப்பக்கம் திரும்பியது. இன்னொரு தரம், இன்னொரு தரம். அதிகாரி திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். பத்மாவுக்குத் தழை வெட்டிப் போடும் மருதன் என் தோளைத் தொட்டான்.

"காதுக்குப் பின்னால பாருங்க ஆசாரி, தோலு அமுங்குது."

வளைவு

ஒரு வருஷம் கழித்து மாதையன் இடது காலுக்காக வந்தார். அதுவும் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அன்று வார்டில் டேப்பைப் பிடித்துக்கொண்டு முழித்தேன். பார்த்துச் செய்ய இனிமேல் ஒரு காலும் இல்லை. காலை பத்து மணி இருக்கும். கிடங்கில் புது ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று அவர் மனைவி என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணை மூடிப் படுத்திருந்தவர் கையைத் தூக்கி எங்களை அடக்கினார். "சித்த பேசாம இருங்க. ஓடைகிட்ட வளைவு வருது," என்றார். போர்வைக்குள் வலது துண்டுக்கால் ஒரு தரம் துடித்தது. அப்புறம் இடது.

சாயங்காலம் மருதன் பார்க்க வந்தான். காலையில் புதுப்பாகன் ஏறி உட்கார்ந்ததும் பத்மா தானாகவே கிளம்பிவிட்டதாம். ஓடையோரம் ஒவ்வொரு வளைவிலும் சரியாகத் திரும்பி, மரத்தைக் கொண்டுபோய் அடுக்கில் வைத்துவிட்டு நின்றதாம். மேலிருந்தவன் விரலைக்கூட அசைக்கவில்லை. இறங்கும்போது சட்டை தொப்பலாக நனைந்திருந்ததாம். நின்று தண்ணீர்கூடக் குடிக்காமல் ஊருக்குப் போய்விட்டானாம். போகும்போது என்னதான் சொன்னான் என்று கேட்டேன். மருதன் கட்டிலைப் பார்க்காமல் சொன்னான்.

"'மேல ஏற்கெனவே ஒரு ஆளு உக்காந்திருக்குது, எனக்கு எங்கய்யா எடம்?'ன்னான் ஆசாரி."

அதற்கப்புறம் எந்தப் பாகனும் பத்மாமேல் ஏறச் சம்மதிக்காததால் மாதையனையே தூக்கிக் கயிறு கட்டி உட்கார வைத்தார்கள், பெரிய டாக்டரும் 'நோயாளி வேலைக்குத் திரும்பினார்' என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டார். மாதையன் வேலையை விட்டு எப்போது போயிருந்தார் என்று கேட்கத்தான் அந்தப் படிவத்தில் இடமில்லை.