எடுக்க வந்தவர்களின் எதிரே

முதல் நாள்

"எடும்மா" என்றார் தங்கராசு சார். எடுத்தேன். ஒரே ஒரு புடவை. அரக்குக் கலர், மெல்லிய ஜரிகை பார்டர். இரண்டு கையிலும் ஏந்தி, தேங்காய் பழத் தட்டை நீட்டுவதுபோல் கஸ்டமர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

சார் எங்கள் ஃப்ளோர் மேனேஜர். கஸ்டமரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என் பக்கம் குனிந்தார். "எடுன்னா ஒண்ணை எடுத்துக் குடுக்கறதில்லம்மா. எடுத்துப் போடணும். மெத்தை வெளிய தெரியக் கூடாது."

சிதம்பரம் மேலவீதியில் மூன்று மாடிக் கடை. பட்டு செக்ஷனில் நாற்காலி கிடையாது. வெள்ளை உறை போட்ட அகல மெத்தையில் இந்தப் பக்கம் நாங்கள் சம்மணம் போட்டு உட்காருவோம், எதிரே குடும்பம் உட்காரும். நடுவில் புடவைகள் சரிந்து, புரண்டு, ஒன்றன் கழுத்தில் ஒன்று கை போட்டுக் கிடக்கும்.

அதே காலையில் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள் கனகா. அவளிடமும் சார் "எடும்மா" என்றார். அவள் ரேக்கிலிருந்து ஓர் அணைப்பு நிறைய இறக்கினாள். முதல் புடவையின் முந்தானை முனையைப் பிடித்து மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றினாள். முழு முந்தானையும் காற்றில் விரிந்து, ஒரு சுருக்கம் இல்லாமல் கஸ்டமர் மடியில் போய் இறங்கியது. அந்த அம்மாள் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

அவளை அன்றே வெறுத்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும். எனக்கு வந்தது வேறு.

அன்று சார் சொன்ன இன்னொரு விஷயத்தையும் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டமர் எதிரே இருக்கும்வரை ஒரு புடவையையும் மடிக்கக் கூடாது. மடிக்க ஆரம்பித்தால் 'போதும், கெளம்புங்க' என்று சொல்வதுபோல். மலை மாதிரி குவிந்தாலும் கை சும்மா இருக்க வேண்டும். கை சும்மா இருப்பதுதான் இந்தத் தொழிலில் மிகக் கஷ்டமான வேலை.

இந்த ஒரு சொல்

நம் ஊரில் கல்யாணத்துக்கு யாரும் துணி வாங்குவதில்லை. எடுக்கிறார்கள். பருப்பு வாங்குவார்கள், பாத்திரம் வாங்குவார்கள், பட்டு என்றால் எடுப்பார்கள். வாங்குவதில் காசு மட்டும் இருக்கிறது. எடுப்பதில் கை இருக்கிறது.

அப்போதெல்லாம் காலையில் கடலூரிலிருந்து நான் ஏறும் முன்பே பஸ்ஸை எடுத்துவிடுவார்கள். ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டால் போன் அடிக்கும். எடுத்தால் வீட்டுக்காரர், "சோத்து டப்பா எடுத்துக்கிட்டியா?" என்பார். பத்து மணிக்கு ஸ்டாக் எடுக்க வேண்டும். மதியம் பசி எடுக்கும், சாயங்காலம் முழங்கால் வலி எடுக்கும். யாரோ ஒரு குழந்தை மெத்தையிலேயே வாந்தி எடுக்கும். என் மகள் கணக்கில் எத்தனை மார்க் எடுத்தாள் என்று கேட்கக்கூட நேரம் இருக்காது. ஆடியில் எதிர்வீட்டுப் பையன் காவடி எடுப்பான், அதற்கு லீவு எடுக்க முடியாது. பெண் எடுத்த வீடு, பெண் கொடுத்த வீடு என்று எதிரே வந்து உட்காருகிறவர்களுக்கும் அந்தச் சொல்தான் உறவு. உயிரை எடுக்கிற கஸ்டமர்களும் உண்டு.

இத்தனையையும் சுமக்கிற சொல், பொறாமையின் பக்கம் மட்டும் வருவதில்லை. பொறாமை 'படுவது' என்கிறோம், ஏதோ மேலே ஒட்டுகிற தூசி மாதிரி. எனக்கு அது பட்டதில்லை. பசி மாதிரி எடுத்தது. வேளை தவறாமல், வயிற்றுக்குள்ளிருந்து.

கனகாவின் கை

எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் மேல் பேர் எடுப்பது. கனகா எடுத்தாள். சேர்ந்த வருஷமே எடுத்தாள்.

குடும்பங்கள் படியேறும்போதே, "கனகாக்கா இருக்காங்களா?" என்பார்கள். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். "அவுங்க ஒரு பார்ட்டி பாத்துட்டிருக்காங்க, நான் எடுக்கட்டுமா?" என்பேன். "பரவால்ல, நாங்க இருந்து பாத்துக்கறோம்" என்று என் மெத்தையிலேயே உட்கார்ந்துகொண்டு அவளுக்காகக் காத்திருப்பார்கள். என் மெத்தை அவளுக்கு வெயிட்டிங் ரூம்.

அவள் மணிக்கட்டைப் பார்த்துப் பொறாமை எடுத்தது. அவள் தொண்டையைப் பார்த்து, அவள் 'வாங்க' என்றால் அது கேட்டவர்கள் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்வதைப் பார்த்து. அவள் வியர்த்தால்கூட அழகாக வியர்க்கிறாள் என்று தோன்றும். ஆள் இல்லாத மதியங்களில் அந்தச் சுழற்றலை நானும் பழகினேன். என் முந்தானை பாதி விரிந்து, பாதி சுருண்டு, அடிபட்ட கோழி மாதிரி விழும். கனகா பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து, "தோள வுடு வசந்தா. கையில மட்டும் வெச்சுக்க" என்று சொல்லிக் கொடுப்பாள். அது இன்னும் எரியும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளை திறக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பட்டு செக்ஷனுக்கு ஓர் இன்சார்ஜ் வேண்டும். கனகா, இல்லையென்றால் நான். என் வீடு கடலூரில். பஸ் அலைச்சல் மிச்சமாகும் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவள் பக்கத்து மெத்தையில் உட்காராமல் ஒரு நாளாவது வேலை பார்க்க வேண்டும் என்பது யாரிடமும் சொல்லாத காரணம். முதலாளி, "தை சீசன்ல பாத்து முடிவு எடுக்கறேன்" என்றார். அந்தத் தை மாசம் முழுக்க பில் கவுண்ட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெல்லிக்குப்பத்துக் குடும்பம்

வந்தது சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையின் குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா, அக்கா சுமதி, சுமதியின் வீட்டுக்காரர். கூடவே கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும். சுமதியை அண்ணாகிராமம் பக்கம் முந்திரித் தோப்புக்காரர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். வழக்கம்போல் கனகாவின் மெத்தையில் போய் உட்கார்ந்தார்கள்.

முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. பெண்ணைக் கூட்டி வருவார்கள். அவள், "நீங்க எது எடுத்தாலும் சரிங்க" என்பாள். பிறகு அவள் கண் எதில் நிற்கிறது என்று பார்த்து, மாமியார் தானே தேர்ந்தெடுத்ததுபோல் அதை எடுப்பார். எல்லோருக்கும் தெரிந்த நாடகம். அது நடந்து முடிகிறவரை நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

அன்று கனகா திறந்தாள். கூட்டம் அதிகம், அடுத்த பார்ட்டி காத்திருந்தது. பெண்ணைப் பார்த்து நேராகவே கேட்டுவிட்டாள். "நீ சொல்லு கண்ணு. ஒனக்கு எது புடிச்சிருக்கு?"

சின்னப் பெண். நிஜமாகவே கேட்கிறார்கள் என்று நினைத்து விரலை நீட்டினாள். மாம்பழக் கலர், குங்குமப் பார்டர்.

பக்கத்து மெத்தையிலிருந்த நான் சுமதியின் முகத்தைப் பார்த்தேன். கதவு சாத்துகிற மாதிரி சாத்திக்கொண்டது.

"நல்லாத்தான் இருக்கு. ஜரிகைதான் பல்லிளிக்குது" என்றாள். அதற்குப் பிறகு கனகா எதை எடுத்துப் போட்டாலும் ஒரு குறை. "இது எங்க மாமியாரு கட்டறது." "இது டீச்சரு கட்டறது." "இந்தக் கலரு ஜாஸ்தி அடிக்குது." புடவை மலை உயர்ந்தது. கனகாவின் மணிக்கட்டு சுழன்றுகொண்டே இருந்தது. ஒவ்வொரு முந்தானையும் அழகாக விரிந்து, வீணாய்ப் போனது.

"எனக்குப் பசி எடுக்குது, எதையாவது எடுங்களேன்" என்றார் சுமதியின் வீட்டுக்காரர்.

"ஒங்களுக்கு எப்ப எடுக்கல?" என்று சுமதி ஹேண்ட்பேக்கைத் தோளில் மாட்டினாள். "கெளம்பும்மா. பாண்டியில பாத்துக்கலாம்."

முதலாளி ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார். தங்கராசு சார் என் பக்கம் வந்தார். "வசந்தா, நீ போயி எடு."

போனேன். சுமதியின் முகம் எனக்குப் பழகிய முகம். தினமும் கடைக் கண்ணாடியில் நான் பார்க்கிற முகம். கனகாவுக்கு அது தெரிய நியாயமில்லை. அவள் யாரைப் பார்த்தும் அப்படி எரிந்தவள் இல்லை.

புடவை எதையும் தொடாமல் சுமதியிடம் கேட்டேன். "ஒங்க முகூர்த்தத்துக்கு என்னா கலரு எடுத்தாங்கக்கா?"

"என்னாத்த எடுத்தாங்க. மாமனாரு வாங்கியாந்து நீட்டனாரு, கட்டிக்கிட்டேன். கடைப்படி ஏறல. என்னைய யாரு கேட்டா?"

வீட்டுக்காரர் மெத்தை ஓரத்தை நகத்தால் கீறினார். "அந்த வருசம் முந்திரி காய்க்கல" என்றார் மெதுவாக.

"எழுந்து நில்லுங்கக்கா" என்றேன். "பொண்ணு தள்ளி நின்னு பாக்கட்டும். ஆளு மேல போட்டாத்தான் பார்டரு தெரியும்."

அந்த மாம்பழக் கலரையே எடுத்தேன். ஒன்றே ஒன்று. சுழற்றவில்லை. இரண்டு கையாலும் ஏந்திப் போய், கொசுவம் வைத்து, அவள் தோளில் போட்டேன். கண்ணாடிப் பக்கம் திருப்பினேன்.

சுமதி கண்ணாடிக்கு இன்னும் கிட்டப் போனாள். பார்டரை விரலால் தடவிக்கொண்டே போனாள். அவள் அம்மாவுக்குப் பதற்றம் வந்துவிட்டது. கூறை என்கிற முகூர்த்தப் புடவையை எடுக்காமல் வேறு யாருக்கும் எதுவும் எடுக்கக் கூடாது. "சுமதி, மொதல்ல கூறையப் பாக்கணும்மா" என்றார். சுமதியின் கை புடவையை விடவில்லை. இதை அவளே கேட்டுவிட்டால், கல்யாணத் துணி எடுக்க வந்த இடத்தில் இரண்டு வீட்டுக்கும் சண்டை. கடலூரும் இல்லை, எனக்கு ஒன்றும் இல்லை.

அப்போது பெண் பேசினாள். "அண்ணி, ஒங்களுக்குத்தான் அது எடுப்பா இருக்கு. நீங்க எடுத்துக்குங்க. எனக்கு வேற பாக்கலாம்."

சுமதி கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தாள். பிறகு தோளிலிருந்து புடவையை உருவி, பெண்ணை இழுத்து நிறுத்தி, தானே கொசுவம் வைத்தாள். "போடி இவளே. கூறைய எங்கிட்ட குடுத்துட்டு நீ என்னாத்த கட்டுவ?" என்றாள். என் பக்கம் திரும்பி, "இதையே எடுத்துடுங்க" என்றாள்.

"இவளுக்கும் ஒண்ணு எடுங்க" என்றார் வீட்டுக்காரர். "அவளையே கேட்டு எடுங்க." அன்று அவர் சாப்பிடும்போது மணி மூன்றுக்கு மேல் இருக்கும்.

மஞ்சக்குப்பம்

இன்சார்ஜ் நான்தான் என்று முதலாளி சொன்னபோது நான் கனகாவைத்தான் பார்த்தேன். இத்தனை வருஷம் நான் தின்ற நெருப்பில் ஒரு கங்காவது அவள் முகத்தில் விழும் என்று காத்திருந்தேன். அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அந்த அக்காள எப்பிடிடி கண்டுபுடிச்ச? நான் பொண்ணையே பாத்துட்டிருந்தேன்." எல்லோருக்கும் டீயும் வடையும் சொன்னாள். அவள் முகத்தில் தேடினேன். ஒரு நூல்கூட இல்லை. ஜெயித்த அன்று எனக்கு எடுத்த எரிச்சல்போல் தோற்ற நாளில்கூட எடுத்ததில்லை.

நான் கடலூருக்கு வந்தும் அவள் என்னைவிட்டுப் போகவில்லை. "சிதம்பரத்துல கனகான்னு ஒருத்தவுங்க இருப்பாங்களே, இங்க வர மாட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். இப்போது துபாயில், சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளைகளுக்கு வீடியோ காலில் புடவை காட்டுகிறாள். கடை போடும் ரீல்ஸில் முகம்கூட வராது, அவள் மணிக்கட்டு மட்டும் வரும். அதற்கு வந்து விழும் ஹார்ட்டுகளை நான் எண்ணாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

போன மாசம் என் மகள் தேன்மொழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ரிசப்ஷன் புடவை எங்கள் செலவு. "கனகா அத்தைகிட்டதான் எடுப்பேன்" என்றாள்.

"ஒங்கம்மா என்னா வேலடி பாக்கறா?"

"நீ அம்மா. அவுங்க கனகா அத்தை" என்றாள், அதுவே பதில் என்பதுபோல்.

சிதம்பரம் பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்வரை, அவள் பக்கத்தில் இடம் இருந்தும் முன் சீட்டில்தான் உட்கார்ந்து வந்தேன்.

அந்த மெத்தையின் மறுபக்கத்தில் அன்றுதான் முதன்முதலாக உட்கார்ந்தேன். எதிரே கனகா. முன்நெற்றி நரைத்திருந்தது, மணிக்கட்டு அப்படியே இருந்தது. பக்கத்து பார்ட்டி கலைத்துப் போட்ட புடவை ஒன்றை என் கை தன்பாட்டுக்கு மடிக்க ஆரம்பித்தது. புறங்கையில் ஒரு தட்டு தட்டினாள். "இன்னிக்கு நீ கஸ்டமரு. மடிக்காத."

தேன்மொழி ரேக்கைக் காட்டி ஏதோ சொல்லப் போனாள். "இரு தேனு" என்றாள் கனகா. "மொதல்ல ஒங்கம்மா நிக்கட்டும்."

ரேக்கிலிருந்து ஒரே ஒரு புடவையை எடுத்தாள். அரக்குக் கலர், மெல்லிய ஜரிகை பார்டர். சுழற்றவில்லை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தாள்.

என் வித்தை. அவள் கையில் அது என்னைவிட நன்றாக இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தால், யாருக்கு எடுக்க வந்திருக்கிறார்கள் என்று தங்கராசு சார் மாதிரி யாராவது உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் வயிறு எரிகிறவர் யார் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். அவர் தோளில் முதல் புடவையைப் போடுங்கள். கனகா என்னை எத்தனை காலமாகப் பார்த்துவைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

கண்ணாடியில் நான் நின்றேன். பின்னால் என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். கனகா முந்தானையைச் சரிசெய்துவிட்டு, "எடுக்கட்டுமாடி?" என்றாள்.

"எடு" என்றேன்.