சந்தனம் துடைத்த துணி

எங்கள் ஆபீஸ் ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் ஒரு துணி கிடக்கும். பழைய பனியனை நாலாகக் கிழித்ததில் ஒரு துண்டு. மிஷின் எண்ணெயும் சந்தனமும் குங்குமமும் ஏறி ஏறி, அதற்கு இன்ன நிறம் என்று சொல்ல முடியாமல் போய்விட்டது. கையில் எடுத்தால் கோயிலும் சைக்கிள் கடையும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை அடிக்கும். எத்தனையோ பெரிய விஷயங்கள் எனக்கு மறந்துவிட்டன. என் அப்பாவின் குரல்கூட இப்போது சரியாக நினைவுக்கு வருவதில்லை. அந்த வாடை மட்டும் போக மாட்டேன் என்கிறது. அது வரும்போதெல்லாம் சேவிகா அம்மாவும் வந்துவிடுவார்.

எண்பதுகளின் தொடக்கம். திருமங்கலத்துக்குத் தெற்கே, மானாவாரிக் காடுகளுக்கு நடுவில் இருந்த ஒரு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நான் தற்காலிகக் கடைநிலை ஊழியன். அஞ்சாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கல்யாணமாகி, கைக்குழந்தை ஒன்று இருந்தது. வேலை நிரந்தரமாகும் என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச வாய் வராது. யாராவது பெயர் கேட்டால்கூட எச்சிலை விழுங்கிவிட்டுத்தான் சொல்லுவேன். சேவிகா அம்மா எங்கள் ஒன்றியத்தின் கிராம சேவிகா. ஊர் ஊராகப் போய் மாதர் சங்கம் கூட்டுவது, சத்துமாவு கிண்டிக் காட்டுவது, புகையில்லாத அடுப்பு போடச் சொல்லித் தருவது, பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயம் வைப்பது எல்லாம் அவர் வேலை. ஊராட்சித் தலைவர் எடுத்துப் போடும் நாற்காலியில் உட்கார மாட்டார். பாயில் பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்து, குடையை மடியில் போட்டுக்கொண்டு பேசுவார். பேனர் கட்டுவதும் அடுப்பு மூட்டுவதும் நான். ஒருநாள் என் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நீ பேசாட்டிப் போ தம்பி, உன் கைதான் நல்லாப் பேசுதே" என்றார். என்னைப் பற்றி அப்படி ஒரு நல்ல வார்த்தை அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை.

அந்த வருடம் எட்டு ஊர்களில் தையல் வகுப்பு தொடங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஊருக்கு ஒரு தையல் மிஷின். எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்று. மற்றவை எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பேசவில்லை. அந்த ஒற்றை மிஷினை ஜீப்பில் ஏற்றி ஓர் ஊருக்குக் கொண்டுபோவோம். ரிப்பன் கட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்து, தேங்காய் உடைத்துத் திறப்பு விழா நடக்கும். சில நாள் கழித்து ரிப்பேர் என்று சொல்லித் திரும்பத் தூக்கி வருவோம். அடுத்த ஊருக்குப் போகும் வழியில் நான் துணியை எடுத்துச் சந்தனத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடுவேன். அந்த ஊரில் அது புது மிஷின். ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. ஓர் ஊரில் வயதானவர் ஒருவர் ஜீப்பை எட்டிப் பார்த்து, "என்ன மாப்ள, இவனுக்கு இது எத்தனாவது கல்யாணம்? ஒரு பொண்டாட்டி வீட்டுலயும் தங்க மாட்டேங்கிறானே" என்று கேட்டார். டிரைவர் சிரித்தார். சேவிகா அம்மா சிரிக்கவில்லை.

மூன்றாவதாகப் போன ஊரில் மட்டும் மழை பெய்து பாதை அறுத்துக்கொண்டு போனதால், மிஷின் ஒரு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டது. அங்கே ஒரு பெண். கிணறு வெட்டும் வேலையில் கல் சுமக்கும்போது விழுந்து இடுப்பு முறிந்தவள். நடப்பாள், உட்காருவாள், குனிய முடியாது. குனியாமல் காட்டில் என்ன வேலை இருக்கிறது? புருசன் எங்கோ போனவன் திரும்பவில்லை. இரண்டு பெண் குழந்தைகள். அவள் அந்த ஒரு மாதத்தில் ராப்பகலாகத் தைத்துப் பழகினாள். பாவாடையும் சட்டையும் தைத்தாள், ரவிக்கைக்கு அளவெடுக்கக் கற்றுக்கொண்டாள். ஊரிலிருந்த பெண்கள் பொங்கலுக்குத் துணி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் மிஷினைத் தூக்கப் போனபோது அவள் மிதிபலகையைத் துடைத்து, எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். "அண்ணே, ரிப்பேரு ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே ஓடுது" என்றாள். நான் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன். விடியுமுன் ஊருக்குள் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வரும். பத்து வயதுப் பிள்ளைகளைத் தீப்பெட்டி ஒட்டும் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போய் இருட்டியபின் கொண்டுவந்து விடும். மூத்தவளை அனுப்பச் சொல்லி வண்டிக்காரன் அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தான். "மிஷின் வந்துரும்னு சொல்லி வச்சிருக்கேன்க்கா. எம்புட்டு நாளு சொல்லட்டும்?" என்று அவள் சேவிகா அம்மாவைக் கேட்டாள். "நான் பொறுப்பு. புள்ளைய அனுப்பிராத" என்றார் அவர்.

அவர் இரண்டு முறை மேலே எழுதினார். எழுதியது எங்கள் ஆபீஸ் மேனேஜர் மேசையைத் தாண்டவில்லை. அப்போதுதான், எட்டாவது ஊரின் திறப்பு விழாவுக்கு மதுரையிலிருந்து ஒரு பெரிய அதிகாரியே வருகிறார் என்று தெரிந்தது. அந்த ஊர், அந்தப் பெண்ணின் ஊருக்குப் பக்கம். முதல் நாள் மாலை சேவிகா அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மிஷின் ஏழாவது ஊரின் சந்தனத்தோடு வராந்தாவில் நின்றிருந்தது. "தம்பி, இந்தத் தடவ தொடைக்காத. அப்படியே வரட்டும். அவரு கண்ணுள்ள மனுசன்னு சொல்றாக. புது மிஷின்ல எப்படிக் காஞ்ச சந்தனம்னு ஒரு வார்த்த கேட்டாப் போதும். மிச்சத்த நான் சொல்லிக்கிறேன். சும்மா நான் சொன்னா, பொம்பள கோள் சொல்றான்னு போயிரும்." நான் தலையாட்டினேன். முழு மனதோடுதான் ஆட்டினேன்.

மறுநாள் காலை சேவிகா அம்மா டவுன் பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார். நாங்கள் மிஷினை ஏற்றும்போது மேனேஜர் வந்து பார்த்தார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. "பொட்டெல்லாம் அப்படியே இருக்கு? தொடச்சிரு. உன்னப் பெர்மனென்ட் பண்ற ஆர்டர்ல கையெழுத்துப் போடப்போறவரும் இன்னைக்கி வாரவருதான்ப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். வழியில் கண்மாய்க் கரையில், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற டிரைவர் ஜீப்பை நிறுத்தினார். அவர் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றி முடிக்கிற நேரம்தான் எனக்கு இருந்தது. சீட்டுக்கு அடியில் கை விட்டுத் துணியை எடுத்தேன். தண்ணீரில் நனைத்தேன். காய்ந்த சந்தனம் லேசில் போகாது, நகத்தால் சுரண்ட வேண்டும். ஊசிக்கு மேலே இருக்கும் இடுக்கில் ஏழு ஊர்க் குங்குமமும் படிந்து கிடந்தது. மற்ற நாட்களில் அதை அப்படியே விட்டுவிடுவேன். அன்றைக்கு ஒரு குச்சியை ஒடித்து, முனையில் துணியைச் சுற்றி, அதையும் எடுத்துவிட்டேன். யாரும் என்னை அந்த அளவுக்குச் செய்யச் சொல்லவில்லை.

விழா நன்றாக நடந்தது. அதிகாரி ரிப்பனை வெட்டினார். புதுச் சந்தனம் வைத்தார்கள். அந்தப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருந்தாள். தைத்துக் காட்டினாள். கோணாத தையல். அதிகாரி துணியை வாங்கிப் பார்த்து, "நல்லாத் தைக்கிறீங்களேம்மா. உங்க ஊருக்கும் மிஷின் குடுத்திருக்கு, விடாம தைங்க" என்றார். அவள் சேவிகா அம்மாவைப் பார்த்தாள். அவர் மிஷினைப் பார்த்தார். வந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இவங்க ஊர்ல மிஷின் இல்ல. எந்த ஊர்லயும் இல்ல. எல்லாம் இந்த ஒண்ணுதான்" என்றார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "ரிப்பேருக்கு வந்திருக்கு சார், அதச் சொல்றாங்க. இது புதுசு, பாத்தாலே தெரியுதே" என்றார். அதிகாரி குனிந்து மிஷினைப் பார்த்தார். அன்றைக்கு வைத்த ஒரே ஒரு பொட்டு, ஈரம் காயாமல் இருந்தது. மற்ற இடமெல்லாம் கண்ணாடி. "சீக்கிரம் சரி பண்ணிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

சேவிகா அம்மா ஜீப்புக்கு அருகில் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நல்லாத் தொடச்சிருக்கீங்க தம்பி" என்றார். அதுவரை என்னை ஒருநாளும் 'நீங்க' என்று சொன்னவர் இல்லை. அதற்குப் பிறகு வேறு எப்படியும் கூப்பிடவில்லை. இரண்டு மாதத்தில் அவரைத் தூரத்து ஒன்றியத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

பொங்கலுக்கு முன்னால் ஏதோ நோட்டீஸ் கொடுக்க அந்தப் பெண்ணின் ஊருக்குப் போனேன். வாசலில் சின்னவள் மட்டும் விளையாடிக்கொண்டிருந்தாள். "அக்கா எங்கம்மா?" என்றேன். "வண்டியில போயிருச்சு" என்றாள். உள்ளேயிருந்து அந்தப் பெண், "யாரு அது?" என்று கேட்டாள். நோட்டீஸைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு ஆர்டர் வந்தது. துடைத்ததால்தான் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா, தெரியாது. அந்தச் சம்பளத்தில்தான் வீடு கட்டினேன், மகனையும் மகளையும் படிக்க வைத்தேன். பல வருடம் கழித்து மதுரைப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் சேவிகா அம்மாவைப் பார்த்தேன். முடி நரைத்து, அதே மாதிரி ஒரு குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். போய்க் காலில் விழ வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் நான் செய்தது, நின்றிருந்த ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டது. பஸ் கிளம்பிப் போனபோது அவரும் அங்கே இல்லை. இப்போது இருக்கிறாரா என்பதும் தெரியாது.

என் மருமகள் வீட்டிலேயே தைக்கிறாள். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவள், "மாமா, அந்தச் சந்தனத்தக் கொஞ்சம் தொடச்சுக் குடுங்களேன். துணியில ஒட்டுது" என்றாள். கையில் ஒரு பழைய பனியன் துணியையும் கொடுத்தாள். நான் அதை வைத்துக்கொண்டு நின்றேன். "இருக்கட்டும்மா" என்றேன். "என்ன மாமா நீங்க, சாமி கோவிச்சுக்காது" என்று சிரித்து, துணியை வாங்கி அவளே துடைத்தாள். நாலு இழுப்பு. ஒன்றுமே இருந்ததில்லை என்கிற மாதிரி மிஷின் பளபளவென்று ஆகிவிட்டது. துணியைத் திரும்ப என் கையில் கொடுத்துவிட்டு மிதிக்கத் தொடங்கினாள்.