பாம்புக்கடி ஒத்திகையில் நான் செய்த தவறு

நான் திருவண்ணாமலையில் செவிலியர். பாம்புக்கடி முதலுதவி பற்றி விவசாயிகளிடம் பேச, அடி அண்ணாமலை சமுதாயக் கூடத்துக்குப் போயிருந்தேன். லேப்டாப்பில் நான் காட்டிய படங்களை யாரும் கவனிக்கவில்லை. "படம் காட்டத்தான் வந்தீங்களா?" என்று ஒருவர் முறைத்தார். லேப்டாப்பை மூடிவிட்டு, நடித்தே காட்டலாம் என்று முன்வரிசையில் இருந்தவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, உங்களைப் பாம்பு கடிச்சிடுச்சுனு வெச்சுக்குங்க. இப்படிப் படுங்க. கடிவாய்க்கு மேல கயிறு கட்டுறது தப்பு..."

அவர் அசையவில்லை. கூட்டமே எழுந்தது.

"போன மாசம் அவரு தம்பி பாம்பு கடிச்சுதான் செத்துப்போனான். அவரைப் போய் படுக்கச் சொல்றியே, கிளம்பும்மா!" என்று ஒரு பெண் கத்தினார். இன்னொருவர் என் பையைத் தூக்கி வாசலில் வைத்தார்.

அப்போது அந்த அண்ணன் கேட்டார்: "நான்தாம்மா கயிறு கட்டினேன். அதனாலதான் செத்தானா?"

"தெரியலண்ணே. காப்பாத்தணும்னுதானே கட்டினீங்க" என்றேன். அவர் வெளியேறினார். மற்றவர்களும் போய்விட்டார்கள்.

இப்போதும் படம் காட்டாமல், கூட்டத்தோடு பேசித்தான் சொல்லித்தருகிறேன். ஆனால் எந்த ஊருக்கும் முன்கூட்டியே போய், அங்கே யாரையாவது பாம்பு கடித்ததா என்று விசாரித்துக்கொள்கிறேன். கடிபட்டவராக நானே தரையில் படுக்கிறேன்.