கோழிக்கு வறுத்த பயறு

தொண்ணூற்றிரண்டில் இணுவிலில் என் அக்காவின் வீட்டு அடுப்பு எரிந்தது அவள் வளர்த்த முட்டைக் கோழிகளால்தான். அத்தான் பாரிசவாதத்தில் விழுந்து படுக்கையோடு இருந்தார். முட்டை சுன்னாகம் சந்தைக்குப் போகும். அரிசியும் அத்தானின் பிரஷர் குளிசையும் வீட்டுக்கு வரும். வேறு வருமானம் இல்லை.

சண்டையில் பாதை பூட்டப்பட்டதும் கொழும்பிலிருந்து வரும் கோழித்தீன் மூட்டை நின்றுபோனது. அந்தத் தீனின் சத்தெல்லாம் கப்பலில் வந்த சோயாப் பிண்ணாக்கில் இருந்தது என்பது, அது இல்லாமற் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. தவிடும் குருணலும் கொடுத்துப் பார்த்தோம். முட்டை குறைந்தது. பிறகு ஒன்றின் இறகை மற்றொன்று பிடுங்கித் தின்னத் தொடங்கியது. இட்ட முட்டையையும் கொத்திக் குடித்தன. கருவாட்டுத் தூள் கலக்கலாம் என்று சொன்னேன். முட்டை விற்கலாம், வளவுக்குள் மீன், மச்சம் மணக்கக்கூடாது என்பது அக்காவின் ஒழுங்கு.

ஆகவே புகையிலை வைத்த துண்டுக் காணியில் பயறும் கௌபீ என்ற தட்டைப்பயறும் விதைத்தோம். நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, துலாவில் இறைத்தோம். விளைந்ததைப் பச்சையாகக் கொடுத்தபோது கோழிகளுக்குக் கழிச்சல் வந்தது. அதன் பிறகு அக்கா முற்றத்தில் தாச்சியை வைத்து வறுத்து இடித்துத் தருவாள். நான் தராசில் நிறுத்துத் தவிட்டோடு கலப்பேன். கோழிகள் மறுபடி முட்டையிட்டன.

எங்கள் பக்கத்தில் பயறு வறுக்கும் மணம் வந்தால், அந்த வீட்டில் பணியாரம் சுடுகிறார்கள், நல்ல காரியம் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். அயல்வீட்டு அண்ணை வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"என்ன பிள்ளை, எங்களுக்குச் சொல்லாமல் கலியாணமோ?"

"ஓம் அண்ணை. பொம்பிளை கூட்டுக்குள்ளை நிக்கிறா, வந்து பாருங்கோ," என்றாள் அக்கா.

"அப்ப சேவலுக்கு வேட்டி நான் எடுக்கிறன்."

மூவரும் சிரித்தோம். மணம் வேலியோடு நிற்கவில்லை. எங்கள் ஒழுங்கைத் தெருவின் முடிவிலிருந்த பள்ளிக்கூடத்தில், கரையோரத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்தன. பின்னேரம் அங்கிருந்து ஒரு பெண், இடுப்பில் பிள்ளையும் கையில் சட்டியுமாக வேலிப் படலையைத் திறந்து உள்ளே வந்து நின்றாள்.

"அக்கா, என்ன விசேஷமெண்டு தெரியாது. பிள்ளைக்கு ஒரு பணியாரம் தருவியளோ?"

"பணியாரம் இல்லைத் தங்கச்சி. இது கோழிக்கு."

"கோழிக்கோ?" அவள் தாச்சியைப் பார்த்தாள். "எங்களுக்கு ரெண்டு நேரமும் கஞ்சிதான். அதுகள் திண்டு மிஞ்சினதையாவது தாங்கோவன்."

அக்கா அள்ளிப் போட்டாள். அடுத்த முறை வறுத்தபோது படலையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களுக்கும் போட்டாள். எல்லோரும் போன பிறகு என்னிடம் கேட்டாள்:

"தம்பி, இப்பிடியே குடுத்தால் அத்தான்ரை குளிசைக்கு எங்கை போறது?"

நான் மிஞ்சிய பயற்றைத் தராசில் போட்டு நிறுத்தேன்.

அதன் பிறகு அவள் வறுக்கவில்லை. குசினிக் கதவைச் சாத்திவிட்டு அவித்தாள். அவிக்கும் பயறு வேலி தாண்டி மணக்காது. படலையில் ஒருவரும் வரவில்லை. ஆனால் விறகு மிச்சம் பிடிக்க, இரண்டு மூன்று நாளுக்கானதை ஒரேயடியாக அவித்து மூடி வைத்தாள். வைகாசி வெக்கையில் அது புளித்தது. கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. புளித்த மணத்தைத் தவிட்டில் மறைத்துக் கோழிகளுக்கு வைத்தாள். அவை செட்டையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலைகளில் ஒடுங்கின. ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. வாழையடியில் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தேன். அத்தானுக்கு நாங்கள் சொல்லவில்லை.

கூடு வெறுமையான பிறகு, மூட்டையில் மீந்திருந்த பயற்றில் வீட்டுக்கென்று கொஞ்சம் எடுத்துவைத்துவிட்டு, அக்கா தாச்சியை மறுபடி முற்றத்தில் வைத்தாள். மணம் எழும்பியது. அந்தப் பெண் வந்து படலைக்கு வெளியே நின்றாள். இந்த முறை அவள் உள்ளே வரவில்லை.

"எங்களுக்குத் தந்தால் கோழிக்குக் காணுமோ அக்கா?"

"கோழி இல்லை. சட்டியை நீட்டு."

அவள் வந்து நீட்டினாள். அறைக்குள்ளிருந்து அத்தானின் குழறிய குரல் கேட்டது.

"இஞ்சரும், இண்டைக்கு முட்டை எத்தினை?"

அக்கா திரும்பாமல் அடுத்த பிடியை அள்ளினாள்.